கக்கத்தில் இருந்த கம்பளி

செய்தி பஸ்ஸில் வந்தது. சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கொழும்புப் பத்திரிகைக்கு அனுப்ப வேண்டிய கடித உறையோடு ஹட்டன் ரயில் நிலையத்துக்கு நடந்துகொண்டிருந்தேன். மஸ்கெலியாவிலிருந்து வந்த முதல் பஸ் நின்றது. கண்டக்டர் மிதிபலகையில் நின்றபடியே என்னைக் கைகாட்டி நிறுத்தினார்.

"ஐயா, செல்லாயிக்கா போயிட்டாங்க."

"எந்தச் செல்லாயிக்கா?" என்று கேட்டேன். தெரிந்துகொண்டேதான் கேட்டேன்.

"நம்ம காம்பரா செல்லாயிக்காதான். நேத்துக் காலையில புள்ளைகளுக்குத் தேத்தண்ணி ஊத்திக் குடுத்துட்டு ஒக்காந்தவங்க, அப்படியே செவுத்துல சாஞ்சிட்டாங்க. நாளைக்குப் பத்து மணிக்கு எடுக்கிறாங்க. பேப்பர்கார ஐயாவுக்குக் கட்டாயம் சொல்லிடணும்னு லயத்துல சொல்லி அனுப்பினாங்க."

அந்தக் கண்டக்டரும் அவரிடம் வளர்ந்தவர்தான். விசில் ஊத மறந்து சற்று நேரம் நின்றார். டிரைவர் ஹாரன் அடித்த பிறகே பஸ் நகர்ந்தது.

மேல்கணக்கில் பிறந்தவர்களுக்கு அவரை அறிமுகம் செய்யத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மஸ்கெலியாவுக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேற்பிரிவை மேல்கணக்கு என்பார்கள். அங்கே லயங்கள் எனப்படும் வரிசை வீடுகளுக்குப் பின்னால் தனியாக நிற்கும் ஒற்றை அறைதான் பிள்ளைக்காம்பரா. தாய்மார் காலையில் பெரட்டு எனும் ஆள்கணக்கெடுப்பில் பெயர் கொடுத்துவிட்டு மலைக்குக் கொழுந்து எடுக்கப் போகும்போது பிள்ளைகளை அங்கே விட்டுப் போவார்கள். கைக்குழந்தை முதல் பள்ளிக்கூடம் போகும் வயது வரை முப்பது பிள்ளைகளுக்குக் குறையாமல் இருப்பார்கள். அந்த அறையின் ஆயாவாக ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்டுகள் இருந்தவர் செல்லாயி அம்மாள். எழுதப் படிக்கத் தெரியாதவர். அவருடைய சொந்தப் பிள்ளைகள் மூவரும் அதே அறையில், மற்றப் பிள்ளைகளோடு பிள்ளைகளாக வளர்ந்தவர்கள்.

நான் அவரை முதலில் பார்க்கப் போனதற்குக் காரணம் ஒரு பிரெஞ்சு தேசத்துப் புத்தகம் என்றால் சிரிப்பாக இருக்கும். பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் எங்கள் பத்திரிகையின் ஞாயிறு பதிப்புக்குப் பிள்ளை வளர்ப்பைப் பற்றி ஒரு கட்டுரை எழுதும்படி ஆசிரியர் கேட்டிருந்தார். நான் செய்தி எழுதுகிறவன். கட்டுரை எழுதிப் பழக்கமில்லை. வாசிகசாலையில் கிடைத்த அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை எடுத்து வைத்துக்கொண்டு குறிப்பெடுத்தேன். இருநூறு ஆண்டுகளுக்கு முன் பிரான்சில் ஒரு சிந்தனையாளர் இருந்திருக்கிறார். கைக்குழந்தையைத் துணியால் இறுக்கிச் சுற்றாதே என்றார். பிள்ளையின் காதில் சொற்களைக் கொட்டாதே. முதலில் கையும் காலும் கண்ணும் படிக்கட்டும், புத்தகம் பிறகு வரட்டும் என்றார். பிள்ளை தவறு செய்தால் பெரியவர்களின் கோபம் அதைத் திருத்த வேண்டாம், செய்த காரியத்தின் விளைவே திருத்தும் என்றார். மன்னர் காலத்து ஐரோப்பாவில் இந்தப் பேச்சு பெரிய கலவரத்தை உண்டாக்கியிருக்கிறது.

இதை மஸ்கெலியாக் கடைவீதியில் அந்தத் தோட்டத்து மருந்துக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் பாதியிலேயே கையை உயர்த்தினார்.

"இதுக்கு ஏங்க பிரான்சுக்குப் போறீங்க? எங்க மேல்கணக்குக் காம்பராவுக்கு வாங்க. அந்தம்மா புள்ளைகளையெல்லாம் அவுத்து விட்டிருக்கு. கட்டி வைன்னா கேக்கிறதில்ல, உள்ள வைன்னா கேக்கிறதில்ல. நான் தொரைக்கு எழுதிப் போட்டும் பாத்துட்டேன்."

அவர் சொன்னது புகார். நான் அதை விலாசமாக எடுத்துக்கொண்டேன். வெளியாட்கள் தோட்டத்துக்குள் நினைத்தபடி நுழைய முடியாத காலம் அது. அவருடைய விருந்தாளியாக இரண்டு நாள் போய் வந்தேன்.

முதல் நாள் நான் கண்டது அடுப்பு. அறையின் ஒரு மூலையில் பால் காய்ச்சும் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. நடக்கத் தொடங்கிய குழந்தை ஒன்று அதை நோக்கித் தள்ளாடிப் போனது. நான் எழுந்துவிட்டேன். செல்லாயி அம்மாள் என்னைக் கையால் அமர்த்தினார். பிறகு குழந்தைக்குப் பக்கத்தில் போய்க் குந்தி, அதன் மணிக்கட்டைப் பிடித்து, உள்ளங்கையை அடுப்புக்கு ஒரு முழத் தூரத்தில் நீட்டிப் பிடித்தார். குழந்தையின் முகம் சுருங்கியது. கையை அதுவாகவே இழுத்துக்கொண்டது. பிறகு அன்று முழுவதும் அது அடுப்பைச் சுற்றியே நடந்தது.

"சூடுன்னு நான் சொன்னா அது வெறும் சத்தங்க. கை சொன்னாத்தான் அது சூடு," என்றார்.

அவர் வருவதற்கு முன் அந்த அறையில் குழந்தைகளைக் குளிருக்குப் பயந்து சாக்குத் துணியில் கையும் காலும் அசையாமல் சுற்றித் தொட்டிலில் இடுவார்களாம். அவர் வந்ததும் அந்தச் சுற்றைக் கழற்றினார். தாய்மார் சண்டைக்கு வந்தார்கள். "வெறச்சுப் போயிடும்க்கா" என்று ஒருத்தி அழுதாள். "வெறைக்காம இருக்கத்தானே காலு ஒதைக்குது. அதைக் கட்டிப்போட்டா எதைக் கொண்டு சூடாகும்?" என்று கேட்டிருக்கிறார். சண்டை ஒரு மழைக்காலம் முழுவதும் நடந்தது என்று அவரே சொன்னார். அவர் அசையவில்லை.

அன்று மத்தியானம் இன்னொன்று நடந்தது. ஒரு பையன் கோபத்தில் தன் தகரக் குவளையைக் கானில் வீசினான். மலைச் சரிவில் ஓடும் வடிகாலைத்தான் அங்கே கான் என்பார்கள். குவளை உருண்டு கீழே போய்விட்டது. எல்லோருக்கும் தேநீர் ஊற்றும் நேரம் வந்தது. அவன் வெறுங்கையோடு வரிசையில் நின்றான். செல்லாயி அம்மாள் திட்டவில்லை. ஆறிய தேநீரைக் கொஞ்சம் கொஞ்சமாக அவன் இரண்டு உள்ளங்கையிலும் ஊற்றினார். பாதி வழிந்தது, பாதியைக் குடித்தான். மாலையில் தாய் வந்ததும் பையன் முறையிட்டான்.

"ஏன்க்கா, ஒங்கிட்ட வேற குவளையே இல்லியா?" என்றாள் அவள்.

"அஞ்சு இருக்கு."

"அதுல ஒண்ணக் குடுத்தா கொறஞ்சா போயிடும்?"

"அவன் வீசினது அவன் குவளையத்தானே. என் குவளைய இல்லியே. நாளைக்குத் தேடிப் போறோம்னு சொல்லியிருக்கேன். நீ குறுக்க வராத."

மறுநாள் காலை அந்தப் பையனை முன்னால் விட்டு நடக்கத் தெரிந்த பிள்ளைகளெல்லாம் கான் ஓரமாக இறங்கினார்கள். குவளையோடு இரண்டு தவளைகளும் ஒரு வெள்ளைக் கல்லும் காம்பராவுக்கு வந்து சேர்ந்தன.

இனி நான் சொல்லப்போவது மூன்றாவது சம்பவம். இதைத்தான் நான் பத்திரிகையில் எழுதினேன், இதில்தான் தவறினேன்.

இரண்டாம் நாள் பனி இறங்கியிருந்தது. பத்தடிக்கு அப்பால் தேயிலைச் செடி தெரியவில்லை. ரெங்கம்மா என்று நான்கு வயதுச் சிறுமி. அவள் கம்பளி போர்த்திக்கொள்ள மாட்டேன் என்று அடம் பிடித்தாள். குத்துகிறது என்றாள். வெளியே போகவும் வேண்டும் என்றாள். செல்லாயி அம்மாள் இரண்டு முறை கம்பளியை நீட்டினார். மூன்றாம் முறை நீட்டவில்லை. "சரி, போ" என்றார். சிறுமி பனிக்குள் இறங்கி நடந்தாள். கொஞ்ச நேரத்தில் பற்கள் தந்தியடிக்கத் திரும்பி வந்து, கேட்காமலே கம்பளிக்குள் புகுந்துகொண்டாள். யாரும் அவளிடம் "நான் சொன்னேன் பார்த்தாயா" என்று சொல்லவில்லை.

அன்று புறப்படும் முன் அந்தப் பிரெஞ்சுக்காரரைப் பற்றி அவரிடம் சொன்னேன். பிள்ளைகளைப் பசியாற்றிக்கொண்டே கவனமாகக் கேட்டார். துணி சுற்றக் கூடாது என்ற இடத்தில் தலையசைத்தார். விளைவே திருத்தும் என்ற இடத்தில், "ஆமா, அப்படித்தான்" என்றார். பிறகு ஒரு கேள்வி கேட்டார்.

"அவருக்கு எத்தன புள்ளைங்க?"

"ஐந்து என்று எழுதியிருக்கிறது."

"அதுகள இப்படித்தான் வளத்தாரா?"

உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று. பிறந்த பிள்ளைகளை அவர் ஒவ்வொன்றாக அநாதை விடுதியில் விட்டுவிட்டார் என்றேன்.

செல்லாயி அம்மாள் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தார். பிறகு, "சொன்னதெல்லாம் சரியாத்தாங்க இருக்கு. ஆனா அந்த மனுசன் ஒரு நாளாச்சும் காம்பராவுல ஒக்காந்திருக்க மாட்டாரு. அந்த அஞ்சையும் தூக்கினது யாரோ ஒரு ஆயாதான்," என்றார். கரண்டியை வழித்து அடுத்த வாயில் ஊட்டினார்.

கட்டுரையை ஹட்டனில் என் அறையில் எழுதினேன். பத்திரிகையின் ஒரு பத்திக்குள் அடங்க வேண்டும். மூன்று வரி கூடுதலாக இருந்தது. பிரெஞ்சுக்காரரைப் பற்றிய என் வாக்கியங்கள் எனக்குப் பிடித்திருந்தன. அவற்றை வெட்ட மனம் வரவில்லை. ரெங்கம்மாவின் சம்பவத்தில் கைவைத்தேன். "ஆயா பிள்ளைகளைச் சும்மா விட்டுவிடுகிறார், பனியில் கம்பளி வேண்டாம் என்ற சிறுமியைக் கம்பளியில்லாமலே போகவிட்டார்" என்று சுருக்கி, அதைத் தொடர்ந்து வந்த வரிகளை அடித்தேன். உறையை ஒட்டினேன். கட்டுரை அந்த ஞாயிறே வந்தது. நன்றாக இருக்கிறது என்று ஆசிரியர் எழுதியிருந்தார்.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை செல்லாயி அம்மாள் ஹட்டனில் என் வாசலில் நின்றார். பஸ்ஸில் வந்திருந்தார். கையில் மடித்த பத்திரிகை. உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"ஐயா, இத எனக்கு மூணு பேரு படிச்சுக் காட்டிட்டாங்க. நீங்க ஒரு தடவ படிங்க."

படித்தேன்.

"இதுல நான் கம்பளி வச்சிருந்தது எங்க இருக்கு?"

நான் மறுபடி மேலிருந்து தேடினேன்.

"புள்ள முன்னாடி போச்சு. நான் பின்னாடியே போனேன். கம்பளி என் கக்கத்துல இருந்துச்சு. நீங்க பாத்தீங்கல்ல?"

"பார்த்தேன்."

"பாத்துட்டு எழுதாம விட்டது நீங்க. நான் எதையும் விடலீங்க."

எத்தனையோ கூட்டங்களில், நீதிமன்றங்களில் கடிந்து பேசப்படுவதைக் கேட்டு எழுதியிருக்கிறேன். அதற்கு முன்னும் பின்னும் யாரும் என்னிடம் இவ்வளவு சரியாகப் பேசியதில்லை.

நடந்தது இதுதான். தோட்டத்தைப் பற்றிப் பத்திரிகையில் வருவதையெல்லாம் பெரிய கிளாக்கர் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து தோட்ட நிர்வாகியான துரையின் மேசையில் வைப்பது வழக்கம். "சும்மா விட்டுவிடுகிறார்" என்பது அங்கே "ஒன்றும் செய்யாமல் கவனிப்பாரின்றி விட்டுவிடுகிறார்" என்று ஆயிற்று. கம்பளியில்லாத சிறுமி அப்படியே போனாள். மருந்துக்காரரின் பழைய புகாரும் கோப்பில் இருந்தது. செல்லாயி அம்மாளை மறுநாளே கொழுந்து மலைக்கு அனுப்பிவிட்டார்கள். காம்பராவுக்கு வேறொரு பெண் வந்தாள். பிள்ளை ஒன்றும் வாசலைத் தாண்டக் கூடாது என்பது உத்தரவு. முப்பது பிள்ளைகளைத் தனியாக அப்படி வைத்திருக்க அவளுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். பழைய சேலையைக் கிழித்து ஒவ்வொன்றின் காலிலும் கட்டி, மறுமுனையைப் பெஞ்சுக் காலில் முடிந்தாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன்.

"நான் மலைக்குப் போறதுக்கு அழல," என்றார் செல்லாயி அம்மாள். "கொழுந்து எடுத்த கைதான் இது. போறப்ப வர்றப்ப காம்பராவ எட்டிப் பாக்கிறேன். அந்த ரெங்கம்மா இருக்காளே, பத்து மணிக்கு ஆத்தாக்காரி தம்பிக்குப் பால் குடுக்க வர்றப்ப இவ கட்டையும் அவுத்து விடுறா. அவுத்து விட்டாக்கூட எந்திரிக்க மாட்டேங்கிறா. இன்னும் ஒரு மாசம் போனா அத்தனையும் அப்படி ஆயிடும். அதுக்குத்தான் வந்தேன்."

உடனே ஒரு திருத்தம் எழுதுகிறேன், அடுத்த ஞாயிறே வரும் என்றேன்.

"வேணாங்க. தொர பேப்பர் படிக்கிறதில்ல. நீங்க எழுதுவீங்க, கிளாக்கரய்யா இங்கிலீசுக்கு மாத்துவாரு. மறுபடி ஏதாச்சும் ஒண்ணு வெளிய நிக்கும். நீங்க வந்து வாயால சொல்லுங்க."

மத்தியான பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

துரைக்கு அனுமதி கேட்டு இரண்டு கடிதம் எழுதினேன். பதில் இல்லை. மூன்றாவதை எழுதாமல் பஸ் ஏறினேன். தோட்டத்து வாசலில் காவலுக்கு இருந்த வாச்சர் குறுக்கே நின்றார்.

"ஐயா, ஒங்கள உள்ள விட்டா நாளையிலேருந்து பெரட்டுல எனக்குப் பேரு விழாது."

"நான் உள்ளே வரவில்லை. ரோட்டில்தான் நிற்கப்போகிறேன். துரை கார் வரும்வரை."

"மழையிலயா?"

"மழையில்தான்."

அவர் என்னை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தார். "படிச்சவங்களுக்கு இப்படியெல்லாம் வேலை இருக்குமா?" என்று கேட்டுவிட்டு, கொழுந்து எடுப்பவர்கள் இடுப்பில் கட்டும் ரப்பர்ப் படங்கு ஒன்றை என் தலையில் போட்டுவிட்டுப் போனார். இரண்டு மணி நேரம் நின்றிருப்பேன். கார் வந்தது. கையை உயர்த்தினேன். கார் என்னைத் தாண்டிப் போய், பிறகு நின்றது. எதற்காக நிற்கிறாய் என்று துரை கேட்டார். என் செய்தியில் ஒரு பிழை இருக்கிறது, அதைத் திருத்த வந்திருக்கிறேன் என்றேன். பத்திரிகைக்காரன் ஒருவன் அப்படிச் சொல்லி அவர் கேட்டிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். ஆபீசுக்கு வரச் சொன்னார்.

செல்லாயி அம்மாளை மலையிலிருந்து கூப்பிட்டு அனுப்பினார்கள். கொழுந்துக் கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு வந்து நின்றார். மேசையில் கிளாக்கரின் தட்டச்சுத் தாள் இருந்தது. அதை நான் வாங்கிப் படித்தேன். "சும்மா" என்ற சொல் ஒன்றைத் தவிர அதில் மொழிபெயர்ப்புப் பிழை இல்லை. அந்தச் சொல்லையும் வேறு எப்படி எடுத்திருக்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை. நான் எழுதியதை அவர் ஆங்கிலத்துக்கு மாற்றியிருந்தார், அவ்வளவுதான்.

நான் கண்டதை முழுவதும் சொன்னேன். துரை கேட்டார்: அன்று எழுதியது ஒன்று, இன்று சொல்வது ஒன்று, எதை நான் நம்புவது? என் குறிப்புப் புத்தகத்தை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்து கிளாக்கரிடம் கொடுத்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பென்சில் எழுத்தை இரண்டு முறை படித்தார். துரையிடம் ஆங்கிலத்தில் அதை வரி வரியாகச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, தாழ்ந்த குரலில் தமிழில் சொன்னார்:

"மிஸ்டர், இத எழுதியிருந்தீங்கன்னா நான் இதையும் சேத்துத்தானே மாத்திக் குடுத்திருப்பேன்?"

"ஆமாம்," என்றேன்.

துரை செல்லாயி அம்மாளிடம் ஒரு கேள்வி கேட்கச் சொன்னார். சும்மா விடுவது என்றால் என்ன?

"சும்மா விடுறதுன்னா கண்ண எடுக்காம இருக்கிறதுங்க," என்றார் அவர். கிளாக்கர் அதைச் சொன்னார். செல்லாயி அம்மாள் நிறுத்தவில்லை: "அது லேசுன்னு நெனச்சா, தொரைய ஒரு காலம்பற காம்பராவுக்கு வந்து முப்பது புள்ளைக நடுவுல சும்மா ஒக்காரச் சொல்லுங்க. மத்தியானம் வரைக்கும் தாங்குறாரான்னு பாப்போம்."

கிளாக்கர் வாயைத் திறந்து மூடினார். துரை காத்திருந்தார். முடிவில் நானே அதை ஆங்கிலத்தில் மாற்றிச் சொன்னேன், ஒரு சொல்கூட விடாமல். இம்முறை விடுவதாக இல்லை.

துரை சிரித்தாரா என்று பலர் கேட்டிருக்கிறார்கள். சிரிக்கவில்லை. தாளைப் புரட்டினார். ஜன்னலுக்கு வெளியே இருந்த கூடையைப் பார்த்தார். திங்கட்கிழமையிலிருந்து செல்லாயி அம்மாள் காம்பராவுக்குத் திரும்பலாம் என்றார். ஆனால் வாசலில் முழங்கால் உயரத்துக்கு ஒரு பலகை அடிக்க வேண்டும். அதை எடுக்கக் கூடாது.

அந்தப் பலகையை உங்களில் பலர் நினைவில் வைத்திருப்பீர்கள். அடுத்த முறை நான் போனபோது பலகை உத்தரவுப்படியே இருந்தது. அதன் இரண்டு பக்கமும் தட்டையான கல் ஒவ்வொன்று படிபோலப் போடப்பட்டிருந்தது. மூன்று வயதுக் குழந்தைகள் வரிசையாக ஏறி, பலகையில் வயிற்றைக் கொடுத்து, அந்தப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தன. நான் அவரைப் பார்த்தேன்.

"பலகை இருக்கணும்னுதானே சொன்னாங்க. ஏறக் கூடாதுன்னு சொல்லலியே," என்றார். "முன்னயெல்லாம் நாலு வயசுலதான் ஏறப் பழகுங்க. இப்ப மூணுலயே ஏறுதுங்க. தொர நல்லதுதான் பண்ணியிருக்காரு."

ரெங்கம்மா எழுந்து நடக்க எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்டேன். பதினொரு நாள் என்றார். முதல் நாள் எல்லாக் கட்டையும் அவிழ்த்துவிட்டு, அவளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருக்கிறார். எழு என்று சொல்லவில்லை. கையைப் பிடித்து இழுக்கவுமில்லை. மற்றப் பிள்ளைகள் ஓடி விளையாட, இவர்கள் இருவரும் உட்கார்ந்தே இருந்தார்கள். பன்னிரண்டாம் நாள் அவளாகவே வெள்ளைக் கல்லை எடுக்க எழுந்து போனாள். "கட்டியிருந்தத அவ மறந்துட்டா, நானும் மறந்தாப்ல இருந்துட்டேன்," என்றார்.

அன்று திரும்பும்போது லயத்து முனைவரை என்னோடு வந்தார். முதல் முறையாகத் தம்பி என்றார்.

"தம்பி, நான் இந்த வேலையில இருக்கிற வரைக்கும் என்னப் பத்தி இனிமே எழுதாதீங்க. எழுதினா யாராச்சும் எதையாச்சும் மாத்துவாங்க. நான் செத்த பொறவு எழுதுங்க. அப்ப முழுசா எழுதுங்க."

பதின்மூன்று ஆண்டுகள் அந்தச் சொல்லைக் காத்தேன். மஸ்கெலியாப் பக்கம் போனபோதெல்லாம் அவரைப் பார்த்தேன், எழுதவில்லை.

அவரிடம் வளர்ந்த பிள்ளைகள் எல்லோரும் பெரிய நிலைக்கு வந்தார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். வரவில்லை. பெரும்பாலோர் தாய் தகப்பன் போன மலைக்கே போனார்கள். பள்ளிக்கூடத்தில் இவர்கள் ஓரிடத்தில் உட்காருவதில்லை என்று வாத்தியார் குறைப்பட்டதும் உண்டு. காம்பராவுக்கு வெளியே பலகை உயரமானது; அதன் பக்கத்தில் கல் போட ஒருவரும் இருக்கவில்லை. அது செல்லாயி அம்மாளின் குறையல்ல. ஒவ்வொரு பிள்ளையையும் அவர் கையில் ஐந்து வருடம்தான் கொடுத்திருந்தார்கள். அந்த ஐந்தில் அவர் யாரையும் கட்டவில்லை.

சாவு வீட்டுக்குப் போனேன். மழை விட்டிருந்தது. காம்பரா வாசலில்தான் கிடத்தியிருந்தார்கள். பிரஜாவுரிமை கேட்டு இந்தியாவுக்கு எழுதுவதா இங்கே இருக்க எழுதுவதா என்ற பேச்சு இப்போது எல்லா வாசலிலும் நடக்கிறது, அங்கேயும் நடந்தது. "அக்கா எதுக்கு எழுதியிருந்தாங்க?" என்று ஒருவர் கேட்டார். "எழுதவேயில்லீங்க. விண்ணப்பப் பாரம் பொட்டியிலயே கெடக்கு. காம்பராவ யாரு பாப்பான்னு கேட்டுக்கிட்டே நாளக் கடத்திட்டாங்க," என்றாள் அவருடைய மகள்.

கூட்டத்தில் ஒரு பெண் என்னிடம் வந்தாள். பதினேழு வயதிருக்கும். மலையிலிருந்து நேரே வந்திருந்தாள். விரல் நுனிகளில் கொழுந்துக் கறை. ரெங்கம்மா என்றாள்.

"நீங்கதானே எங்கள பேப்பர்ல எழுதினவங்க?"

"ஆமாம். அந்தப் பனி உனக்கு ஞாபகம் இருக்கிறதா?"

யோசித்தாள். "பனி ஞாபகம் இல்லீங்க. குளிரும் ஞாபகம் இல்ல. அந்தக் கம்பளி ஞாபகம் இருக்கு. உள்ள புகுந்தப்ப அது சுடச்சுட இருந்துச்சு. ஏன் அப்படி இருந்துச்சுன்னு எனக்கு ரொம்ப நாளாத் தெரியாது."

நான் காரணத்தைச் சொன்னேன். அவள் செல்லாயி அம்மாள் கிடந்த பக்கம் திரும்பி நின்றாள்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இரண்டு. ஒன்று, தொழிலில் ஒரு வழக்கம். பத்தியில் இடம் போதாதபோது என் கருத்துகளை முதலில் வெட்டுகிறேன். கண்ணால் கண்டதை வெட்டுவதில்லை. இதை என்னோடு வேலை செய்யும் இளையவர்கள் பிடிவாதம் என்கிறார்கள். பிடிவாதம்தான்.

மற்றது அந்தக் குறிப்புப் புத்தகம். பென்சில் எழுத்து மங்கிவிட்டது. ஆனாலும் படிக்க முடிகிறது. நான் அடித்த வரிகளை, செல்லாயி அம்மாள் கேட்டுக்கொண்டபடி, இங்கே முழுமையாகத் தருகிறேன்:

"சிறுமி பனிக்குள் இறங்கி நடந்தாள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஆயா சத்தமில்லாமல் பத்தடி பின்னால் போனார். கம்பளி அவருடைய கக்கத்தில் இருந்தது."